கிண்ணமில்லாமல் எடுத்துப்போன துக்கம்

பனங்கிழங்கை அவித்து இறக்கியதும் சூடு அடங்குவதற்குள் உரித்துவிட வேண்டும், ஆறிவிட்டால் தோல் ஒட்டிக்கொண்டு நகக்கண்ணைக் கிழிக்கும், அதனால் அடுப்படியின் பக்கவாசல் படியில் கால் நீட்டி உட்கார்ந்து, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு கிழங்காக எடுத்து, தோலை உரித்து, வாலைக் கிள்ளி, நெடுக்கப் பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துப் போட்டுவிட்டு, நாரை இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆட்கள் தின்பதாக இருந்தால் இவ்வளவு நார் எடுக்க வேண்டாம், அவர்களே மென்று துப்பிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைத் தொண்டைக்குத்தான் ஒரு நார்கூட இல்லாமல் எடுக்க வேண்டும். என் பொம்பளைப் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, அவள் தொட்டிலில் தூங்குகிறாள், இது அவளுக்கு இல்லை. கிழங்கு என் அப்பா கொடுத்துவிட்டது. நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது பனையிலிருந்து விழுந்து செத்தவர், போன ஆவணியிலிருந்து சாகாதவராக இருக்கிறார், முற்றின கிழங்காகப் பார்த்துக் கட்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, “கெட்டுப்போவதுக்குள்ள அவிச்சிரு தாயி” என்று போனும் பண்ணினார்.

இந்தப் படியில் உட்கார்ந்தால் இடுப்பளவு சுவருக்கு அந்தப் பக்கம் குமாரியக்கா வீட்டு முற்றம் முழுசாகத் தெரியும். அந்த முற்றத்தில் இன்று காலை ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தரைக்குள் இறக்கிக் கட்டின தொட்டி, சிமெண்டு மூடி, மூடியின் ஓரத்தில் பாசி, எத்தனையோ வருஷம் அங்கேயே கிடந்த மாதிரி. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தில் குமாரியக்கா மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தாள். தொட்டி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் காலனிப் பிள்ளைகள் கஷ்டம் இல்லாமல் பட்ட கஷ்டத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் டீச்சர்ஸ் காலனியில் எல்லாரும் சம்பளக்காரர்கள், வாத்தியார், பாங்கு, இன்சூரன்ஸ், என் மாமியார்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர்டானவள். பெற்ற பிள்ளைகளுக்குப் பாதாம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், வெயில் படாமல் வேனில் அனுப்பினார்கள், பரீட்சைக்கு முந்தின வாரம் வீட்டில் டிவிப் பெட்டிக்குத் துணி போட்டு மூடினார்கள், கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தார்கள், கஷ்டம் ஒன்றைத்தான் கொடுக்க மறந்துபோனார்கள். பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் அது ஒரு குறை என்று தெரிந்தது. காலனி முக்கில் வழிகாட்டி மையம் நடத்துகிற இன்பராஜ் சார் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, வெளிநாட்டு டாக்டர் காலேஜும் வடக்கே இருக்கிற பெரிய சட்டக் காலேஜும் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, உன்னைப் பற்றி நீயே எழுது என்று ஒரு கட்டுரை கேட்கிறான், அதற்கு ஸ்டேட்மெண்ட் என்று பெயர், நீ யார், எதைத் தாண்டி வந்தாய், ஏன் டாக்டராக வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும் என்றார். “மார்க்கு எல்லாவன்ட்டயும் இருக்கு. கதை எவன்ட்ட இருக்குன்னுதான் பாப்பான்” என்றார். அன்றைக்குக் காலனியில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அழுதன.

எங்கள் வீட்டிலும் அழுகைதான். என் நாத்தனார் ரோஷிணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டு, “யம்மா, நம்ம வீட்டுல ஒண்ணுமே நடக்கலியேம்மா” என்று மூக்கைச் சிந்தினாள். அத்தையும் யோசித்து யோசித்துப் பார்த்து, ஒருதடவை கார் பஞ்சரானதைத் தவிர ஒன்றும் கிடைக்காமல், சலிப்போடு திரும்பியபோது நான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், சேலைத் தலைப்பு விலகியிருந்தது. “ஏட்டி, அது என்ன கையில” என்றாள் அத்தை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என்னைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு காது கேட்காது, சம்பளக்கார வீடுகளில் பெண் கொடுக்கவில்லை என்றுதான் பனையேறி மகளைப் பார்த்து எடுத்தார்கள், எடுத்ததோடு சரி. நானும் வாய் திறக்காதவள், நாலு பேர் இருந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் கேட்டார்களே என்று சொன்னேன், ஏழு வயதில் அம்மா கருப்பட்டிக்குப் பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது என் தங்கச்சி தவழ்ந்துபோய் அடுப்புப் பக்கம் கை வைக்க, அவளை இழுத்து எறிந்ததில் பாகு கவிழ்ந்து என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோலோடு வழித்துக்கொண்டு போனதை, பச்சை வாழையிலையில் கையைச் சுற்றிக் கிடந்ததை. ரோஷிணி எழுதினாள். நான் என்று எழுதினாள், என் கை என்று எழுதினாள், அன்று நான் டாக்டராக முடிவெடுத்தேன் என்று எழுதி அனுப்பினாள்.

விடிந்து பார்த்தால் என் கை வழுவழுவென்று இருந்தது, கோழிமுட்டை மாதிரி. ரோஷிணி பல் விளக்கப் போனவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள், அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தழும்பு, என்னுடைய அதே சுருக்கம், அதே பளபளப்பு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். “நல்லதாப் போச்சு. இன்டர்வியூல கேட்டான்னா காமிக்கலாம்” என்றாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, “ஒனக்கென்ன, கை நல்லா ஆயிட்டுல்லா, இனிமே துணி இல்லாம வெறுங்கையால இறக்கு கொழம்ப” என்றாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு.

காலனிக்கு விஷயம் உறைமோர் வழியாகத்தான் போனது. இன்சூரன்ஸ்காரர் வீட்டுப் பத்மாவதியக்கா உறைமோர் வாங்க வந்தவள், என் கையைப் பார்த்து, ரோஷிணி கையைப் பார்த்து, நான் என் கல்யாணச் சீரில் வந்த பேர் வெட்டின கிண்ணத்தில் மோரை ஊற்றிக் கொடுக்கும்போது, குரலைத் தாழ்த்தி, “ஏ வெள்ளத்தாயி, எங்க பிரதீபாவுக்கும் ஏதாவது இருந்தாக் குடேன்” என்றாள். நான் பசியைக் கொடுத்தேன். சத்துணவுக்காகவே பள்ளிக்கூடம் போனதையும், லீவு நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டதையும் சொன்னேன். பிரதீபா எழுதினாள். மறுநாள் என் வயிறு அமைதியாக இருந்தது, ஜென்மத்தில் முதல்முறையாக மிச்சம் வைத்துச் சாப்பிட்டேன். பத்மாவதியக்கா கிண்ணத்தைச் சுண்டலோடு திருப்பிக் கொடுத்தாள், எங்கள் பக்கம் இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் கிண்ணம் கேட்டார்கள். மோர் வேண்டாம், கிண்ணம் மட்டும் போதும் என்றார்கள். கிண்ணத்தில்தான் அது வருகிறது, கிண்ணம் இல்லாமல் எடுத்தால் ஒட்டாது என்று காலனியில் ஒரு நிச்சயம் ஏற்பட்டுவிட்டது, பிள்ளைகள் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்து போகும்.

அப்படியாக என் காய்ச்சல் ஒருவனுக்குப் போனது, ஆஸ்பத்திரித் தரையில் கிடந்து முடி உதிர்ந்த காய்ச்சல், அவன் மொட்டையாக இன்டர்வியூவுக்குப் போனான், எனக்கு முடி இடுப்புக்கு வளர்ந்தது. நோட்டு வாங்காமல் வந்ததற்காக வாத்தியார் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தின நாள் ஒருத்திக்குப் போனது, அவள் அதற்குப் பிறகு யார் உள்ளே வந்தாலும் திடுக்கென்று எழுந்து நிற்கிறாள். கிண்ணம் போய்ப் போய் வந்தது, லட்டோடு வந்தது, அதிரசத்தோடு வந்தது, பழைய சாம்பாரோடுகூட வந்தது. என்னைக் கண்டால் பெண்கள் சிரித்தார்கள். “குடுத்து வச்சவளா நீ, ஊரே ஒன் கஷ்டத்தச் சுமக்குது” என்றார்கள். நானும் கொடுத்து வைத்தவள்தான் என்று நினைத்தேன்.

பிரதீபாதான் தாங்கவில்லை. இட்லியைத் தலையணைக்குள் ஒளித்துவைத்தாள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் கை போட்டாள், கழுவப்போட்ட சட்டியை நக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டுப் பத்மாவதியக்கா ஓவென்று அழுது, அந்தக் காலேஜுக்கே எழுதி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினாள். வாபஸ் வாங்கின அன்றைக்கு மத்தியானமே பசி என்னிடம் வந்துவிட்டது. நான் நின்றபடியே பானையிலிருந்து சோற்றை அள்ளித் தின்றேன், அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி வாங்கினால் திரும்பி வந்துவிடும் என்று அதிலிருந்துதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பாங்கில் பெரிய வேலையில் இருந்த ஞானதிரவியம் சார் கிண்ணம் வாங்கத் தானே வந்தார், மகன் ஜெரோமையும் கூட்டிக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, “ஒங்கப்பா எப்படிம்மா செத்தாரு” என்று கேட்டார்.

“பனையில இருந்து விழுந்து, சார்.”

“நீ பாத்தியா?”

“கஞ்சி கொண்டுபோனேன் சார். கால்ல தளைநாரோட கெடந்தாரு.”

சார் மகன் பக்கம் திரும்பினார். “எழுதுல. எங்கப்பா செத்துட்டாருன்னு எழுது, அதான் வெயிட்டு.”

“நீங்க இருக்கும்போது எப்படிப்பா?”

“பேப்பர்லதானல சாவுதேன். தழும்பு போவும், பசி போவும். சாவு எப்படிப் போவும்? அது செத்தவரு சமாச்சாரம்லா, இவளோடது இல்லையே” என்று சார் சிரித்தார், ஜெரோம் சிரித்தான், அத்தை சிரித்தாள், நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஜெரோம் எழுத எழுத, இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் உருக்கமாகப் போடு, அப்பாவுடைய கைச்சூடு இன்னும் என் நெற்றியில் இருக்கிறது என்று போடு என்று சார்தான் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நடக்கப் போன ஞானதிரவியம் சார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றைப் பனையடியில் கிடந்தார். ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷன், ஷூ போட்ட காலில் மரமேறப் பூட்டுகிற தளைநாரோடு, பனையேறிகளுக்கு மரம் உரசி உரசி நெஞ்சில் விழுகிற காய்ப்போடு கிடந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைக்கிற நேரத்தில் எனக்குப் போன் வந்தது. அம்மா எடுத்தவுடனே, “இந்த மனுசன் காலங்காத்தால என் உசுர வாங்குதாரு, ஒன்ட்டப் பேசணுமாம், இந்தா பேசு” என்றாள், அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது, அந்த இருமலை எனக்குத் தெரியும், “சாப்ட்டியா தாயி” என்று என் அப்பா கேட்டார்.

நான் சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சாப்பிட்டேன்ப்பா என்றேன்.

சாரைப் புதைத்து வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஜெரோமுக்கு ஸீட்டு வந்தது. சார் சம்சாரம் எஸ்தர் டீச்சர் தலைமுடியை அள்ளி முடியாமல் மகன் காலடியில் உட்கார்ந்து, “ஏ ஜெரோம், அத வாபஸ் வாங்கிருடா, அப்பா வந்துருவாருடா” என்றாள். வாபஸ் வாங்கியிருந்தால் வந்திருப்பார். கூட்டத்துக்கே அது தெரியும், என் அப்பா என்ன ஆவார் என்பதும் தெரியும், அதனால் எல்லாரும் ஒருதடவை என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இன்பராஜ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாதிரி காலேஜில் ஒருதடவை விட்டால் அவ்வளவுதான் என்றார். டீச்சருடைய சொந்த அண்ணன், “மச்சான் வாழ்ந்து முடிச்ச மனுசன், பென்ஷன் வாங்கப்போற வயசு. புள்ள இனிமேத்தான வாழணும்” என்றார். ஜெரோம் தலையைக் குனிந்தபடி, “ஸீட்டு வந்துட்டும்மா. அப்பா சொல்லித்தான எழுதுனேன்” என்றான். டீச்சர் ரொம்ப நேரம் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அங்க குளிருமாமே, ஸ்வெட்டர் எத்தனை வேணும்” என்று கேட்டாள். நான் அதுவரைக்கும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டேன், என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. சாவு வீட்டிலிருந்து பண்டம் கொடுத்துவிடக் கூடாது, ஸீட்டு வந்த வீட்டிலிருந்து கொடுக்காமல் இருக்கவும் கூடாது என்று பெண்கள் தர்க்கம் பண்ணி, கடைசியில் என் கிண்ணத்தில் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு காலனி சூதானமாகிவிட்டது. அத்தையும் இன்பராஜ் சாரும் உட்கார்ந்து என்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு, இது தரலாம், இது பிள்ளைகளுக்கு ஆகாது என்று அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கினார்கள். தரக்கூடியதெல்லாம் போனபிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது பிள்ளையை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அது என் மகன். இசக்கிராஜ், நாங்கள் ராசு என்போம். மூன்று வயது. அவன் அப்பாவுக்கு ஒரு காது கேட்காததால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் என்னைக் கூப்பிடுவார், வெள்ளத்தாயீ என்று, அதைக் கேட்டுக் கேட்டு ராசுவும் என்னை அம்மா என்று சொல்லாமல் வெத்தாயி என்பான், உலகத்தில் அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிட்டது. இதே மாதிரி ஒரு தை மாதம், இதே படியில் உட்கார்ந்து நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வெத்தாயீ, கெழங்கு என்று வந்து தோளைப் பிடித்துத் தொங்கினான். நார் எடுத்துத் தாரேன், தொண்டையில சிக்கிக்கிடும், போய் வெளாடு என்றேன். போனான். பின்கட்டில் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் லாரித் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், மூடி திறந்திருந்தது. லாரிக்காரன் வந்தபோது கூட நின்றது அத்தை. மூடியைத் திறந்து போட்டது யார் என்கிற பேச்சு அன்றிலிருந்து இன்று வரைக்கும் இந்த வீட்டில் கிடையாது. நார் எடுத்த கிழங்கு தட்டு நிறைய இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுக் குமாரியக்கா மாசமாக இருந்தாள், மாசமானவள் சாவு வீட்டுக்கு வரக் கூடாது, அதனால் வரவில்லை, ஆனால் நான் எழுந்திருக்காமல் கிடந்த நாளெல்லாம் சுவருக்கு மேலே ஒரு செம்பு மோர் வைத்துவிட்டு, “தாயி, குடிச்சிரு தாயி” என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த வயிற்றில் இருந்தவன்தான் கவின். அவனுக்கு இப்போது ராசுவின் வயது. சுவரில் ஒரு இடம் உடைந்திருக்கிறது, அது வழியாகத் தினமும் காலையில் நுழைந்து வந்து, “யத்தே, ஆ” என்று என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பான், நான் ஊட்டுவேன். காலனியிலேயே என்னிடம் கிண்ணம் வாங்காதது குமாரியக்கா ஒருத்திதான். “எம்மவளுக்கு எதுக்குளா ஒன் கஷ்டம். அவளுக்கு உள்ளது அவளுக்கு வரும்” என்பாள்.

அவள் மகள் மதிவதனிக்கு ஒன்றும் வரவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் பெட்டி கட்டினார்கள், இவள் கட்டுரை மட்டும் போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்தது, இன்பராஜ் சார் எல்லார் முன்னாலும், “ஒன் ஸ்டேட்மெண்டப் படிச்சா எனக்கே தூக்கம் வருது மதி” என்று சொல்லிவிட்டார். நேற்றுச் சாயங்காலம் சுவரண்டை வந்து நின்றாள், இடுப்பில் கவின், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“யக்கா, அனுப்பிட்டேன். இன்பராஜ் சாரு படிச்சிட்டு அழுதுட்டாருக்கா.”

“என்ன எழுதுன மதி?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “கோவப்படக் கூடாது. ராசுவத்தான் எழுதுனேன். என் தம்பின்னு. தொட்டி, மூடி, கெழங்கு எல்லாம் ஒங்க அத்தைதான் சொன்னாங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, “பயப்படாதீங்கக்கா, நான் கிண்ணம் எடுக்கவே இல்ல. கிண்ணம் எடுத்தாத்தான ஒட்டும்? ஒங்கட்ட நான் கேக்கல, நீங்க தரல, ஒங்களோடது ஒங்ககிட்டயேதான் இருக்கும்” என்றாள். கவின் அவள் கம்மலைப் பிடித்து இழுத்தான். “சும்மா இருல, காது பிய்யுது” என்று அவன் கையில் செல்லமாகத் தட்டினாள்.

ரோஷிணி என் தழும்பை எடுத்தபோது கிண்ணம் கிடையாது. மோரும் கிடையாது, கொடு என்று கேட்டதும் கிடையாது, தந்தேன் என்று சொன்னதும் கிடையாது, என் கையைத் தன் கை என்று எழுதினதோடு சரி. அது எங்கள் வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும், ரோஷிணி ஊரில் இல்லை, அத்தை சொல்லமாட்டாள். நான் சொல்லியிருக்கலாம். மதி, ஓடிப்போய் வாபஸ் வாங்கு என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும். ஆனால் நான் வாய் திறக்காதவள், எல்லாருக்கும் தெரியும், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, “சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷமாகப் போனாள்.

இன்று காலை கோலம் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனால் எங்கள் தொட்டி இல்லை. தொட்டி இருந்த இடம் சமதரையாக, செம்மண்ணும் இரண்டு மூக்குத்திப் பூச் செடியுமாக இருந்தது. அத்தை வந்து பார்த்தாள். காலால் தரையை அழுத்திப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், என் முகத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. “நல்லதுதான், துணி காயப்போட எடம் கெடச்சுது” என்றாள். உள்ளே போனவள் நிலையில் நின்று, திரும்பாமல், “ஒங்கப்பா குடுத்த கெழங்கு கெடக்குல்லா, அத அவி. நார நல்லா எடு” என்றாள். அவள் குரல் கரகரத்திருந்தது.

அதனால்தான் உரித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா திரும்பி வந்தபோது அவர் சாவுக்குப் பிறகு நடந்தது எதுவும் அழிந்துபோகவில்லை, விட்ட படிப்பு விட்டதுதான், கட்டின தாலி கட்டினதுதான், அதனால் ராசுவுக்குப் பிறகு பிறந்தவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று யோசித்து வைத்திருக்கிறேன், தொட்டிலை எட்டிப் பார்த்தேன், கிடக்கிறாள், கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு. குமாரியக்கா வீட்டுக்கு லாரி வந்துவிட்டுப் போய்விட்டது. காலனியில் தொட்டி இருக்கிற வீட்டுக்கெல்லாம் வருகிற லாரிக்காரன், அந்த வீட்டில் எப்போதும் தொட்டி இருந்த மாதிரி நேராக உள்ளே வந்து, குழாயைப் போட்டு நிரப்பிவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டு போனான், மூடியை இழுத்துப் போடவில்லை. பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே தண்ணீர் தளும்புகிற வெளிச்சம் சுவரில் ஆடுகிறது. குமாரியக்கா உள்ளே மிக்ஸியில் சட்னி அரைக்கிறாள், அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. மதி இன்னும் எழுந்திருக்கவில்லை, நிம்மதியாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது. கவின் முற்றத்துக்கு வந்துவிட்டான். பிளாஸ்டிக் பஸ்ஸைத் தரையில் உருட்டிக்கொண்டு, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறான். வழக்கமாக நேராக உடைந்த சுவருக்குத்தான் வருவான். இன்றைக்குப் பஸ் மூடியின் மேல் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. என்னைப் பார்த்து, “யத்தே, பஸ்சு” என்று சிரிக்கிறான். நானும் சிரித்தேன்.

இவ்வளவு தூரம்தான். எழுந்து நாலு எட்டு வைத்தால் சுவர், கையை நீட்டினால் பிள்ளை, குமாரியக்கா என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாலும் போதும், மிக்ஸிக்கு மேலே கேட்கும், மதியை எழுப்பி வாபஸ் வாங்கச் சொன்னால் மத்தியானத்துக்குள் தொட்டி எங்கள் பின்கட்டுக்கே வந்துவிடும், அதற்குள்ளே இருப்பதோடு வந்துவிடும், நான் பழையபடி இருப்பேன், இருந்தவள்தானே, இருந்து பழகினவள்தானே, சுவருக்கு மேலே மோர் வைத்தவள் அவள், நான் சாகாமல் இருந்ததே அந்த மோரில்தான், எழுந்துவிடுவேன், கை பிசுபிசுவென்று இருக்கிறது, இந்தக் கடைசிக் கிழங்கில் ஒரே ஒரு நார் நீளமாக ஓடுகிறது, இதை மட்டும் இழுத்துவிட்டு எழுந்துவிடுவேன், பஸ் அந்த ஓரத்துக்குப் போகிறது, இதோ வாயைத் திறந்துவிட்டேன், ஏ கவினு என்று முதல் எழுத்து நாக்குக்கு வந்துவிட்டது, அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால், பின்கட்டுப் பக்கமிருந்து, ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டி நடந்து வருகிற சத்தம், தோளில் ஒரு சின்னக் கை, ஜில்லென்று, வெத்தாயீ, கெழங்கு என்று